ஊசிகள் தொடங்கும் வேளையில் ஊரில் திருமணம்: போய்வரலாமா என்று கேட்ட சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது என்றும், இன்னும் இரண்டு வாரத்தில் வரவேண்டிய மாதவிலக்கோடு ஐ.வி.எஃப். (கருமுட்டைகளை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் சிகிச்சை) ஊசிகள் தொடங்கவிருக்கின்றன என்றும், ஏழு வாரத்தில் ஊரில் தங்கையின் திருமணம் என்றும் எழுதியிருந்தீர்கள். போய்வரலாமா, பயணச்சீட்டை இப்போதே எடுத்துவிடலாமா, மருந்துகளை விமானத்தில் எப்படிக் கொண்டுசெல்வது என்பவை உங்கள் கேள்விகள். இங்கே பதினான்கு ஆண்டுகளாக வாழ்ந்து, அவற்றில் நான்கு ஆண்டுகளை இந்தச் சிகிச்சையிலேயே கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: போய்வரலாம். ஆனால் சீட்டை இன்று எடுக்க வேண்டாம்.

காரணம், இந்தச் சிகிச்சையின் தேதிகளை நம் உடம்புதான் வைக்கிறது. கருமுட்டைகளை வளர்க்கும் ஊசிகள் சிலருக்கு எட்டு நாளில் முடியும், சிலருக்குப் பதினான்கு நாள் வரை நீளும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்த பிறகே மருத்துவர் அடுத்த அடியைச் சொல்வார். என் முதல் சுற்றில் பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிடும் என்று நானாகக் கணக்கிட்டு, மாற்ற முடியாத சீட்டொன்றை வாங்கி வைத்திருந்தேன். முட்டைகள் மெதுவாக வளர்ந்தன. புறப்பட வேண்டிய நாளன்று காலையில் நான் ஸ்கேன் அறையில் படுத்திருந்தேன். சீட்டு போனதைவிட, அந்த நாட்கள் முழுவதும் உடம்போடு சண்டை போட்டபடி இருந்த மனநிலைதான் இன்றும் உறுத்துகிறது.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். இரண்டு வாரத்தில் ஊசி தொடங்கினால், கருமுட்டை சேகரிப்பு ஏறத்தாழ நான்காம் வாரத்தில் வரும். அதே சுற்றிலேயே, சேகரித்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருவைக் கருப்பையில் வைத்தார்களானால், கரு தங்கியதா என்று அறியும் இரத்தப் பரிசோதனை ஆறாம் வாரத்தை ஒட்டி வரும். தங்கியிருந்தால், அது கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் ஸ்கேன் எட்டு ஒன்பதாம் வாரத்தில்தான் நடக்கும். திருமணமோ ஏழாம் வாரம். அதாவது, கரு உண்டானது தெரிந்தும் அது எங்கே தங்கியிருக்கிறது என்பது தெரியாத நாட்களில் உங்கள் மருத்துவரை விட்டு நெடுந்தொலைவில் இருப்பீர்கள். கருக்குழாயில் கரு தங்கிவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், அந்த நாட்களில் நீண்ட பயணம் போவதை நான் விரும்பமாட்டேன்.

இதற்கு நல்ல மாற்று வழி ஒன்று உண்டு. கருக்களை உறையவைத்துவிட்டு, திருமணத்துக்குப் போய்வந்த பிறகு கருப்பையில் வைக்கலாம். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறங்கும் கருவுக்கு இரண்டு மாதமும் ஒன்றுதான், இரண்டு ஆண்டும் ஒன்றுதான். உங்களுக்கு இது பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் திருமணத் தேதியைச் சொல்லி, இந்தக் கேள்வியை நீங்களாகவே கேளுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கணவர் வேலை காரணமாக வெளியூர் போகக்கூடியவர் என்றால், அவருடைய விந்தணுக்களையும் முன்கூட்டியே உறையவைத்துக்கொள்வது பெரிய நிம்மதி.

சேகரிப்புக்கு மறுநாளே விமானம் ஏறுவதும் சரியன்று. சிலருக்குச் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து, இரத்தம் உறையும் ஆபத்து கூடும். வயிறு விறைத்து உப்புவது, ஓரிரு நாளில் எடை சட்டென்று ஏறுவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். இது பெரும்பாலும் முதல் ஒரு வாரத்தில் தலைகாட்டும் என்பதால், அந்த வாரத்தை வீட்டில் கழித்துவிட்டு, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு கிளம்புங்கள். கனமான பெட்டிகளை நீங்கள் தூக்கக் கூடாது. வீங்கியிருக்கும் சினைப்பை முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நீண்ட விமானப் பயணத்தில் இடையிடையே எழுந்து நடப்பதும், இரத்தம் உறையாமலிருக்கக் காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

கரு வைத்த பிறகு விமானத்தில் ஏறினால் கரு கலைந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். கரு அப்படி அசைவில் நழுவி விழும் பொருளன்று. படுத்தே கிடந்தாலும் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நாட்களில் பயணத்தைத் தவிர்க்கச் சொல்வது, அவசரம் என்றால் ஓடிப் போக நம் மருத்துவர் பக்கத்தில் இல்லை என்பதற்காகத்தான்.

இனி மருந்துகள். ஊசி நாட்களிலேயே பயணம் வந்துவிட்டால், எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் தொலையலாம், உறைந்தும் போகலாம். மருந்தின் பெயரும் உங்கள் பெயரும் உள்ள மருத்துவர் கடிதம், அசல் அட்டைப் பெட்டி, மருந்துச் சீட்டு மூன்றும் சேர்ந்தே இருக்கட்டும். கைப்பைச் சோதனையின் எக்ஸ்-ரே மருந்தைக் கெடுக்காது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை எவை, வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பதை ஒவ்வொரு மருந்தின் தாளிலும் பாருங்கள். பனிக்கட்டிப் பையை ஒரு துணியில் சுற்றி, மருந்து அதை நேரடியாகத் தொடாதபடி வையுங்கள். விடுதி ஒன்றில் நான் ஊசிப் பேனாவைச் சிறு குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் கையில் எடுத்தபோது கண்ணாடிக்குள் வெண்மையாக ஒரு பனிக்கோடு. உறைந்த மருந்தை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது என்று செவிலியர் தொலைபேசியில் சொன்னார். அன்று மாலைக்குள் வேறொன்று தேடி அலைந்த அலைச்சலை நான் மறக்கவில்லை. குளிர்பெட்டிக் கதவின் தட்டில் வையுங்கள், சிறு வெப்பமானியையும் கூடவே வையுங்கள்.

நேரம் மாறும் நாடுகளுக்கு நடுவே தினசரி ஊசியை ஓரிரு மணி நேரம் நகர்த்த மருத்துவமனை பெரும்பாலும் அனுமதிக்கும். முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசியில் மட்டும் அந்தச் சலுகை இல்லை. அதைப் போட்ட 34 முதல் 36 மணி நேரத்தில் சேகரிப்பு நடக்க வேண்டும் என்பதால், நிமிடம் பார்த்துப் போடுவார்கள். நான் ஒரு கைக்கடிகாரத்தை மட்டும் திருப்பாமல் மருத்துவமனையின் நேரத்திலேயே ஓடவிட்டிருந்தேன்.

ஊரில் ஒரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், அங்குள்ள மையத்தில் முன்பே நாள் வாங்கி, முடிவை அன்றே அனுப்பச் சொல்லுங்கள். முட்டைகளின் வளர்ச்சியைக் காட்டும் ஈஸ்ட்ரடயால் என்ற ஹார்மோனின் அளவைச் சில நாடுகளில் மில்லிலிட்டருக்கு இத்தனை பிக்கோகிராம் என்றும் சில நாடுகளில் லிட்டருக்கு இத்தனை பிக்கோமோல் என்றும் எழுதுவார்கள். முதல் எண்ணை 3.67 ஆல் பெருக்கினால்தான் இரண்டாவது வரும். எண்ணை மட்டும் பார்த்துக் கலங்கியவர்களை நான் அறிவேன், நானும் ஒருத்தி.

தடுப்பூசிகளில் உயிருள்ள வகை (வலுவிழக்கச் செய்த கிருமி உள்ளது) போட்டால், கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கொசுவால் பரவி, வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஸிக்கா வைரஸ் உள்ள பகுதிக்குப் போனால் பெண்ணுக்கு இரண்டு மாதம், ஆணுக்கு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். கரு வைக்கும் நாள் அதற்குத் தக்கபடி தள்ளிப்போகும். பயணக் காப்பீட்டில் கருத்தரிப்புச் சிகிச்சையின் சிக்கல்கள் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பில் இருக்கிறது என்றால், திரும்பி நுழைய முடியுமா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மண்டபத்தில் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தங்கையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். நான் என் அக்காவிடம் சொல்லியிருந்தேன். யாராவது என்னிடம் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினால், அவள் ஒரு வேலையைச் சொல்லி என்னை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடுவாள். மருந்து வைக்கும் குளிர்பெட்டித் தட்டையும் அவள்தான் யாரும் தொடாமல் காத்தாள்.

சேகரிப்பு முடிந்து, மருத்துவர் கிளம்பலாம் என்று சொல்லும் நாளில், தேதி மாற்றக்கூடிய சீட்டாகப் பார்த்து எடுங்கள்.