அந்த ஒற்றை வரியில் இருக்கிறார் அவர்

கேள்வி: ஆறு வருடங்களுக்கு முன் தம்பியின் கடனுக்காக, மாமியாரின் மூன்று சவரன் சங்கிலியை யாருக்கும் தெரியாமல் எடுத்து அடகு வைத்தேன். மீட்க முடியாமல் ஏலத்தில் போய்விட்டது. வீட்டு வேலைக்கு வந்த அக்கா மேல் சந்தேகப்பட்டு மாமியார் நிறுத்திவிட்டார். அந்த அக்கா இப்போது வேறு பங்குக் கோயிலுக்குத்தான் பூசைக்குப் போகிறார். இந்தத் தவக்காலத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, அவர் கொடுத்த ஜெபங்களையும் சொல்லி முடித்தேன். ஆனாலும் தூக்கமில்லை. கணவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்: வேறு பங்குக் கோயிலுக்குப் போகிறார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. எடுக்காத நகைக்காக ஒரு பெண் தன் கோயிலையே விட்டுப் போயிருக்கிறார். எடுத்த நீங்கள் அதே கோயிலில் நன்மை (நற்கருணை) வாங்குகிறீர்கள்.

சாமியாரிடம் சங்கிலியைச் சொன்னீர்கள், சரி. அந்த அம்மா மேல் விழுந்த பழியைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் வெறும் ஜெபத்தோடு அனுப்பியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவத்தால் வந்த சேதத்தைச் சரிசெய்யாது. திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரை மீட்டுக் கொடு என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1459-ஆம் எண் சொல்கிறது. பைபிளில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயுவும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றுதான் இயேசுவிடம் சொன்னார்.

உங்கள் வீட்டுக்கு உழைத்தவர் உங்கள் பொறுப்பு. சம்பளம் கொடுத்ததோடு அது தீர்ந்துவிடாது. ஆறு வருடம் நீங்கள் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் அவரை மறுபடி திருடி ஆக்கியிருக்கிறீர்கள் அம்மா!

இன்றிரவே கணவரிடம் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மாமியாரிடம். பிறகு மூன்று பேருமாக அந்த அம்மா வீட்டுக்குப் போங்கள். நீங்கள் மட்டும் தனியாகப் போய்க் காதோடு சொல்லிவிட்டு வரக்கூடாது. பழி தெருவுக்கே தெரிந்தது. அவர் எடுக்கவில்லை என்று உங்கள் மாமியார் வாயால் அக்கம்பக்கம் கேட்க வேண்டும். வேலை போனதால் அவர் இழந்த சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். மன்னித்தேன் என்று சொல்லச் சொல்லிக் காலைப் பிடித்து அவரை நெருக்காதீர்கள். அது அவர் விருப்பம். கதவைத் திறக்காவிட்டால் இன்னொரு நாள் போங்கள்.

சங்கிலிப் பணத்தை மாமியாருக்கு மாதாமாதம் கட்டுங்கள். தம்பியிடமும் கேளுங்கள், கடன் அவருடையதுதானே.