விருந்து வைத்தும் தீராத சண்டை

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் விற்பனைப் பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் ஓயாத சண்டை. நடுவில் திட்டமிடல் வேலை பார்ப்பதால் இரண்டு பக்கமும் எனக்குத்தான் திட்டு. விருந்து வைத்தோம், தனித்தனி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என்ன செய்யலாம்?

பதில்: விருந்து பலிக்காததில் வியப்பில்லை. 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாக்கி முகாமில் தங்கவைத்தார். போட்டிகள் தொடங்கியதுமே பகை மூண்டது. சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால், அதை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர் வராதபோது குழாயில் கோளாறு தேடவும், நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி இழுக்கவும் இரண்டு அணியும் தேவைப்பட்டன. அப்படிப் பலமுறை சேர்ந்து உழைத்த பிறகுதான் பகை தணிந்தது.

உங்கள் இடத்தில் யாரை எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் விற்பனைக்கு எத்தனை ஆர்டர் பிடித்தார்கள் என்பதுதான் கணக்கு. உற்பத்திக்கு அன்றைய எண்ணிக்கையும் செலவும். நடுவில் ஓர் அவசர ஆர்டர் வந்தால் ஒருவருக்குப் பாராட்டு. இன்னொருவர் ஓடும் இயந்திரத்தை நிறுத்தி அச்சை மாற்ற வேண்டும், அன்றைய எண்ணிக்கை விழும். இருவருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆட்களை மாற்றினாலும் இதே சண்டை வரும்.

'சொன்ன தேதியில், குறையில்லாமல் போய்ச் சேர்ந்த ஆர்டர்கள்' என்ற ஒரே கணக்கை இரண்டு பிரிவுக்கும் பொதுவாக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் தாமதமான ஆர்டர்களையும் காரணங்களையும் கொண்டுபோங்கள். ஆள் பெயர் எதுவும் வேண்டாம்.

அதுவரை சிக்கலான ஓர் ஆர்டரை எடுத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் இருவரைச் சேர்த்து, முதலிலிருந்து அனுப்பும்வரை அவர்களே பார்க்கட்டும். மேரி பார்க்கர் ஃபாலட் என்ற மேலாண்மைச் சிந்தனையாளர் சொன்ன அனுபவம் ஒன்று உண்டு. நூலகத்தில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவருக்கு வேண்டியது காற்று, மற்றவருக்கு வாடைக்காற்று நேராகப் படக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் ஆட்களும் 'வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் வேண்டும்' என்றால் 'எதற்காக?' என்று கேட்கட்டும். முதல் நூறு மட்டும் அன்றைக்குப் போதும் என்று பதில் வரலாம்.

அப்புறம், ஒரு பக்கம் சொன்னதை மறுபக்கம் கொண்டுபோவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் தூது போகும்வரை அவர்கள் நேரில் பேசிக்கொள்ளத் தேவையே வராது. அடுத்த முறை யாராவது புகாரோடு வந்தால், 'வாங்க, அவங்ககிட்டேயே போய்க் கேட்போம்' என்று கூடவே நடந்துபோங்கள்.