அந்த ஓவியத்தை வரையச் சொன்னது யார்?

கேள்வி: ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் கடைசி சீசனில் வில் பையர்ஸ் தனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு இல்லை என்று வீட்டார், நண்பர்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறான். இது கடைசி நேரத்தில் ஒட்டவைத்த விஷயமா, முதலிலிருந்தே கதைக்குள் இருந்ததா?

முதலிலிருந்தே இருந்தது. பெரிதாக ஒளித்தும் வைக்கவில்லை. அந்தத் தொடரில் மொத்தம் பத்து நிமிடம் பார்த்த எங்கள் அம்மாவே கண்டுபிடித்துவிட்டார்.

2022 ஜூலை, நாலாவது சீசனின் இரண்டாம் பகுதி வந்த வாரம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீடு, அந்தப் பக்கம் பாதி வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலைதான். அம்மா தரையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை மாட்டிக்கொண்டிருந்தார், நானும் மாமா பையனும் டிவி முன்னால். வேனில் போகும் காட்சி வந்தது. வில் தான் சுருட்டி வைத்திருந்த ஓவியத்தைத் தன் நண்பன் மைக்கிடம் கொடுக்கிறான், நண்பர்கள் எல்லாரும் மூன்று தலை டிராகனோடு சண்டை போடுகிற படம், முன்னால் நிற்கிற மைக்கின் கேடயத்தில் ஓர் இதயம். “நீதான் எங்களுக்கு இதயம்” என்கிறான். மைக்கின் காதலி லெவன்தான் வரையச் சொன்னாள் என்கிறான். மற்றவர்களைப் போல இல்லாதவர்களுக்குத் தாங்களே ஒரு தவறு என்று தோன்றும், நீ பக்கத்தில் இருந்தால் அவளுக்கு அப்படித் தோன்றாது என்றெல்லாம் அவள் பெயரைச் சொல்லியே பேசுகிறான். பேசி முடித்து ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறான். மைக் கவனிக்கவில்லை. முன்னால் இருக்கிற அண்ணன் ஜோனதன் கண்ணாடியில் பார்த்துவிடுகிறான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தலையைத் தூக்கி, “அந்தப் பையன் என்னடா சொல்றான்?” என்றார்.

“அந்தப் பொண்ணு வரையச் சொன்னுச்சாம், வரைஞ்சு குடுக்கறான்,” என்றான் மாமா பையன்.

“பொய். அவ சொல்லி வரைஞ்சிருந்தா இவன் எதுக்குத் திரும்பிக்கிட்டு அழுவறான்?”

“அதெல்லாம் ஃபிரெண்ட்ஷிப்புங்க அத்தை.”

“இருக்கும் இருக்கும்,” என்று குறடைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இருபது வருடமாகச் சாயங்கால சீரியல் பார்க்கிறவர்களுக்கு வசனமெல்லாம் இரண்டாம்பட்சம். யார் பெயரைச் சொல்லி யார் எதைக் கொடுக்கிறார்கள், கொடுத்தபிறகு முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, கதவோரம் நின்று யார் பார்க்கிறார்கள், இதுதான் அவர்களுக்குக் கதை.

“நீங்களா கற்பனை பண்றீங்க” என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பள்ளிக்கூடத்தில் உள்ளுறை உவமம் படித்தீர்களா? எங்கள் தமிழ் ஐயா குறுந்தொகை எட்டாம் பாட்டை நடத்தினார், ஆலங்குடி வங்கனார் பாடியது. ‘கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’. வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக விழுகிற பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிற ஊர்க்காரன். பாட்டில் பேசுகிறவள் பரத்தை. தலைவனை நான் தேடிப் போகவில்லை, அவனாக வந்து விழுந்தான் என்று அவள் சொல்லாமல் சொல்கிறாள் என்றார் ஐயா. மீன் வெறும் மீன்தானே ஐயா என்று வகுப்பில் ஒருவனும் எழுந்து கேட்கவில்லை. எல்லாரும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வாளைமீனை அப்படியே ஏற்றுக்கொள்கிற நமக்கு, கண்முன்னால் அழுகிற பையன் மட்டும் ஏன் திடீரென்று வெறும் பையனாகிவிடுகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, அதற்காகக் கண்ணில் பட்ட மாம்பழத்துக்கெல்லாம் பொருள் சொல்ல முடியாது. இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டால் உடனே காதல் என்பதும் அபத்தம்தான், நம் ஊரில் தோளில் கை போடாமல் யார் நடக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கதை அதே இடத்தை மறுபடி மறுபடி தொடுகிறதா, அதுவும் தொட வேண்டிய அவசியமே இல்லாத நேரத்தில்.

வில் விஷயத்தில் 2016-ல் வந்த முதல் எபிசோடிலேயே தொடுகிறார்கள். பையனைக் காணவில்லை என்று ஜாய்ஸ் போலீஸ் அதிகாரி ஹாப்பரிடம் வந்து நிற்கிறாள். அவன் மென்மையான பையன், அவன் அப்பன் லானி அவனை அந்த மாதிரிப் பையன் என்று கேவலமாகத் திட்டுவான் என்கிறாள். அவன் அப்படியா என்று ஹாப்பர் கேட்க, அவன் காணாமல் போயிருக்கிறான், அதுதான் விஷயம் என்று வெட்டிவிடுகிறாள். காணாமல் போன பையனைத் தேடுகிற கதைக்கு இந்த வசனம் தேவையே இல்லை. இருந்தும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் சீசன், 2019. மழையில் மைக்குக்கும் வில்லுக்கும் சண்டை. உனக்குப் பெண்களைப் பிடிக்காமல் போனதற்கு நான் என்ன செய்ய என்று மைக் கத்துகிறான். வில் போய்த் தான் காட்டுக்குள் கட்டிய குடிலை மட்டையால் அடித்து நொறுக்குகிறான். இந்தக் காட்சியை இரண்டு விதமாகவும் படிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். மற்ற பையன்களுக்கெல்லாம் கேர்ள்ஃபிரெண்ட் வந்துவிட்டது, இவன் இன்னும் பழைய விளையாட்டையே கேட்கிறான், அந்த ஏக்கம் என்று மட்டும்கூட எடுத்துக்கொள்ளலாம். 2019-ல் நானே அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். (ஏன் அப்படி எடுத்துக்கொண்டேன் என்பது வேறு கதை, கீழே வரும்.) இதோடு நிறுத்தியிருந்தால் மாமா பையன் கட்சி ஜெயித்திருக்கும்.

ஆனால் நிறுத்தவில்லை. நாலாம் சீசனின் முதல் எபிசோடில், 1986 மார்ச் மாதம், தனக்குப் பிடித்த ஹீரோவைப் பற்றி வகுப்பில் பேச வில் தேர்ந்தெடுத்தது ஆலன் டூரிங்கை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்க உதவிய கணிதமேதை. ஆணோடு உறவு வைத்ததற்காக 1952-ல் குற்றவாளி ஆக்கப்பட்டு, கட்டாய ஹார்மோன் சிகிச்சைக்கு ஆளாகி, 1954-ல் இறந்துபோனவர். பிரிட்டிஷ் அரசி மன்னிப்பு வழங்கியதே 2013-ல்தான். ஊரில் இல்லாத விஞ்ஞானியா, டூரிங்தான் கிடைத்தாரா? அதே வகுப்பில் ஒரு பெண் மேஜைக்கு அடியில் காலால் இவன் காலைத் தொடுகிறாள், இவன் காலை இழுத்துக்கொள்கிறான். அப்புறம்தான் அந்த வேன்.

வில்லாக நடித்த நோவா ஷ்னாப், வில்லுக்கு மைக்மேல் காதல் என்று 2022 ஜூலையில் பேட்டியில் சொன்னார், 2023 ஜனவரியில் தன்னைப் பற்றியும் வெளிப்படையாகச் சொன்னார். பலர் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடிகர் வாழ்க்கை நடிகருடையது, கதைக்குள் இருப்பதைக் கதைக்குள்தான் காட்ட வேண்டும், காட்டவும் முடிகிறது.

குறை என்று பார்த்தால் தாமதம்தான். இதே தொடர் மூன்றாம் சீசனில் ராபின் என்ற பெண்ணைக் கொண்டுவந்து, அதே சீசனில் கழிவறைத் தரையில் உட்காரவைத்து, தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்ற உண்மையை நண்பன் ஸ்டீவிடம் சொல்லவும் வைத்துவிட்டது. சொல்லத் தெரியாதவர்கள் இல்லை. வில்லுக்கு மட்டும் 2016-லிருந்து 2025 வரை ஆயிற்று. பாதி, அந்தப் பையனின் பயத்துக்கு நியாயமான நேரம். மீதி, இரண்டு பக்க ரசிகர்களையும் கையில் வைத்துக்கொள்ளும் வியாபாரம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற இன்னொரு அமெரிக்கத் தொடர் அளவுக்கு மோசமில்லை, அதில் காஸ்டியல் என்ற பாத்திரம் 2008-ல் வந்து 2020-ல்தான் வாயைத் திறந்து காதலைச் சொல்கிறது, சொன்ன கையோடு செத்தும் போகிறது. சீனத்து ‘தி அன்டேம்ட்’ கதை வேறு. மூல நாவலில் காதலர்கள். சென்சாருக்குப் பயந்து 2019 தொடரில் உற்ற நண்பர்கள் ஆக்கினார்கள். அங்கே பார்வையிலும் புல்லாங்குழலிலும்தான் சொல்ல முடியும், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த வேறு கதை.

2022 ஏப்ரலில் என் நண்பனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் பைக்கில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிப் பக்கம் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். பையில் ஒரு வெள்ளிக் காப்பு வைத்திருந்தேன், 30 கிராம், என் சம்பளத்தில் எடுத்தது, பட்டறையில் எல்லாரும் கிளம்பின பிறகு மூன்று ராத்திரி உட்கார்ந்து நானே மெருகு போட்டது. அதை அவன் கையில் வைத்து, “அம்மா குடுக்கச் சொன்னாங்க” என்றேன். சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படகுகளை எண்ணினேன் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் ஜூலையில் அம்மா “பொய்” என்று சொன்னபோது டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை நான். ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கிய செக்ஷன் 377-ஐ உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே தளர்த்திவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, பால்புதுமையர் (ஆங்கிலத்தில் ‘குயர்’) மாதிரியான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டதும் இதே 2022 ஆகஸ்டில்தான். எங்கள் வீட்டில் அந்தச் சொற்கள் எதுவும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

அந்த ஆகஸ்டில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு அவன் ஊருக்கு வந்தான். எங்கள் வீட்டில் சாப்பாடு. பாதி சாப்பாட்டில் கையை நீட்டி, “அம்மா, நீங்க குடுத்த காப்புங்க, கழட்டறதே இல்லை” என்றான். எனக்குச் சோறு தொண்டையில் நின்றுவிட்டது.

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்து, காப்பை வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மெருகைப் பார்த்து எந்தக் கை வேலை என்று சொல்கிறவர் அவர்.

“கொஞ்சம் அழுத்துது போல இருக்கே கண்ணு. கழட்டி வெச்சுட்டுப் போ, தளர்த்தித் தரச் சொல்றேன்,” என்றார். அப்புறம் என் பக்கம் பார்க்காமல், “டேய், சாயங்காலத்துக்குள்ள நீயே பண்ணிக் குடுத்துரு.”