ஊதாப் பவளம் வாங்கும் முன்: கேள்வி பதில்

இன்று கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் ஊதா நிறப் பவளங்கள் மட்டும். மீன் நோய், ஃபில்டர் பற்றியெல்லாம் இன்னொரு நாள் பேசலாம்.

புதுத்தொட்டி: அக்கா, டேங்க் வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஊதாவில் முதல் பவளமாக எதை வாங்கலாம்?

கொம்பு கொம்பாக வளரும் அக்ரோபோரா பவளத்தின் பக்கம் இப்போதைக்குத் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஊதா டிஸ்கோசோமா, அதாவது காளான் பவளம், ஒன்று போதும். சரியாகச் சொன்னால் அது பவளமே இல்லை, பவளத்தின் பங்காளி. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் நீரில் நைட்ரேட் (மீன் கழிவிலிருந்து சேரும் சத்து) ஏறினாலும் தாங்கிக்கொள்ளும். பரவும் சுபாவம் உண்டு, தனிக் கல்லில் வையுங்கள். வாங்கும்போது வெள்ளை விளக்கில் பார்த்து வாங்குங்கள்.

கொம்புப்பவளம்: கடையில் கத்திரிப்பூ நிறத்தில் ஜொலித்த அக்ரோபோரா, வீட்டுக்கு வந்ததும் காப்பி நிறமாகிவிட்டது. ஒரே நாளில் இப்படி மாறுமா?

மாறாது. கடையிலேயே அது காப்பி நிறம்தான். 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல விளக்கை மட்டும் எரியவிட்டால் தொட்டிக்குள் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. எதன்மேல் பட்டாலும் நீலமும் ஊதாவும்தான் திரும்பி வரும். பழுப்புப் பவளமும் ஊதாவாகத்தான் தெரியும். பச்சையில் இந்த வேலை நடக்காது. நீல விளக்கில் பச்சையாக ஒளிர வேண்டுமானால் அதற்கான புரதம் பவளத்துக்குள் இருந்தாக வேண்டும். ஊதாவுக்கு விளக்கு ஒன்றே போதும்.

அதனால்தான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்கிறேன்: வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். போட்டதும் கொம்பின் நுனியைப் பாருங்கள். ஊதா நிறமி வளரும் இடத்தில்தான் அடர்த்தியாகச் சேரும். நுனி ஊதா, அடிப்பக்கம் லேசான பழுப்பு என்றால் நம்பி வாங்கலாம். நுனி முதல் அடி வரை பழுப்பு என்றால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்களிடம் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். பழுப்பு என்பது பவளத்தின் சதைக்குள் வாழும் ஜூசாந்தெல்லே பாசியின் நிறம். சத்து மிதமிஞ்சினாலும் வெளிச்சம் போதாவிட்டாலும் அது பெருகி மற்ற நிறத்தை மூடிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 250 பார் (PAR, பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) வரை ஏற்றுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவில் இருக்கட்டும். இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினால் ஊதா வராது, பவளம் வெளிறித்தான் போகும். மாதக்கணக்கில் ஆகும், பொறுங்கள்.

ஆழ்கடல்: மேடம், இதை ஒப்புக்கொள்ள முடியாது. கடலுக்கடியில் 15 மீட்டரில் வெள்ளை வெளிச்சம் ஏது? அங்கே எல்லாம் நீலம்தான். வெள்ளை விளக்கில் பார்ப்பதுதான் செயற்கை.

பாதி சரி. சிவப்பு ஒளி முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடும், உண்மைதான். ஆனால் நாம் ஆசைப்படும் ஊதா அக்ரோபோராக்களில் பல, முழு வெயில் விழும் ஆழமற்ற திட்டுகளில் வளர்பவை.

ஆழ்கடல்: அப்படியானால் நீல விளக்கில் ஒளிரும் நிறமெல்லாம் பொய்யா?

ஒளிர்வது பொய்யில்லை. ஊதா ஒளிர்வதில்லை என்பதுதான் விஷயம். நல்ல ஊதாவைத் தருவது பெரும்பாலும் குரோமோபுரோட்டீன் என்ற நிறப் புரதம். அது தானாக ஒளியை வெளிவிடாது, மஞ்சள், ஆரஞ்சு ஒளியை விழுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது நம் கண்ணுக்கு ஊதா. விழுங்குவதற்கு மஞ்சளே இல்லாத விளக்கின் கீழே அந்தப் புரதம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அலைமேடை: நான் ஆழ்கடல் கட்சி. நீல விளக்கை எடுத்துவிட்டால் ஊதாவே வராது என்பது என் அனுபவம்.

நீங்கள் என் கட்சிதான், உங்களுக்குத்தான் தெரியவில்லை. அந்தப் புரதத்தைக் கூடுதலாகச் செய்யப் பவளத்தைத் தூண்டுவதே நீல ஒளி. வளர்க்க நீலம் தாராளமாக வையுங்கள், ராத்திரி உட்கார்ந்து ரசிக்கவும் வையுங்கள். வாங்கும்போது மட்டும் வெள்ளை. கட்சி கட்டியது போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கல்லுக்காரர்: கல்லெல்லாம் ஊதாவாகப் படர்கிறது. பவளமா?

கோரலைன் பாசி. நல்ல சகுனம்.

நீலமணி: நீலப் பவளம் என்று சொல்லி ஹீலியோபோரா கொடுத்தார்கள். பழுப்பாக நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அதன் நீலம் எலும்புக்கூட்டில் இருக்கிறது, மேலே உள்ள சதை பழுப்புதான். உடைந்த இடத்தைப் பார்த்தால் நீலம் தெரியும். டூபிபோரா என்ற குழாய்ப் பவளமும் இதே மாதிரி: செக்கச்செவேல் குழாய்களுக்குள்ளிருந்து சாம்பல், பச்சை நிற பாலிப்புகள் (பவளத்தின் குட்டி உயிர்கள்) எட்டிப்பார்க்கும்.

விசிறி: ஊதா விசிறிப் பவளம் வாங்கி வைத்தேன். நிறம் அப்படியே இருக்கிறது, ஆனால் பாலிப் விரியவே இல்லை.

நிறத்தை நம்பாதீர்கள். விசிறிப் பவளமான கார்கோனியனின் ஊதா அதன் சதையில் பொதிந்த சுண்ணாம்புத் துகள்களில் இருப்பது, செத்த பிறகும் போகாது. நீரோட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். ஜூசாந்தெல்லே இல்லாத இனம் என்றால் வெளிச்சம் சோறு போடாது, நுண்ணிய உணவைத் தினமும் நீங்கள்தான் ஊட்ட வேண்டும்.

பழுப்பு: என் அக்ரோபோராவும் காப்பி நிறமாகிவிட்டது அக்கா.

மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

சுத்தக்காரர்: ஊதா ஜோவாந்திட் (பூப்போலக் கூட்டமாகப் படரும் பவளத்தின் பங்காளி) வேண்டாத இடமெல்லாம் பரவிவிட்டது. கல்லை எடுத்துக் கொதிக்க வைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம்! ஜோவாந்திட், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும் நீராவியில் அது கலந்தால் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்க வேண்டும். கொதிக்க வைப்பது, வெறுங்கையால் சுரண்டுவது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது எதுவும் கூடாது. அந்தக் கல்லை அப்படியே தொட்டியிலிருந்து எடுத்து ஒதுக்கிவிடுவதுதான் நல்லது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எடுங்கள்.

லைட்: ஊதாவுக்கு எந்தப் பிராண்டு லைட் நல்லது?

பிராண்டு சொல்ல மாட்டேன். பார் மீட்டர் இரவல் கிடைத்தால் வாங்கி, பவளம் உட்காரும் இடத்தில் அளந்து பாருங்கள்.

அவசரம்: போட்டோ அனுப்பினார்கள், அட்டகாசமான ஊதா. இன்றே முன்பணம் கட்டிவிடட்டுமா?

எந்த விளக்கில் எடுத்த போட்டோ? வெள்ளையில் இன்னொன்று கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

மோன்டி: ஊதா விளிம்புள்ள மோன்டிபோரா நாளை வருகிறது. நேராக மேல்தட்டில் வைத்துவிடலாமா?

கூடாது. முதலில் பூச்சி மருந்துக் குளியல். மோன்டிபோராவைத் தின்னும் வெள்ளை நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) பவளத் தட்டின் அடியில்தான் முட்டையிடும், குளியலில் முட்டை சாகாது. பவளத்தைத் திருப்பிப் பார்த்து, முட்டை இருந்தால் சுரண்டி எடுங்கள். பிறகு அடித்தட்டில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக மேலே ஏற்றுங்கள்.