கிளம்பிய தேதி சரி, நுழைந்த தேதி?

கேள்வி: அந்நியப் படைகள் பிடித்த நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். 2011இல் அமெரிக்கா ஈராக்கை விட்டுப் போனது, 2014இல் ஐஎஸ் தீவிரவாத இயக்கம் அங்கே மொசூல் நகரைப் பிடித்தது. 2021இல் ஆப்கானிஸ்தானிலிருந்து கடைசிச் சிப்பாய் விமானம் ஏறுவதற்குள் தாலிபான் காபூலில் உட்கார்ந்துவிட்டது. படையைத் திரும்ப அழைப்பது பயங்கரவாதிகளுக்குக் கொடுக்கும் பரிசு இல்லையா? டர்பனில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம்.
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: 'டர்பனில் பாதுகாப்பாக' என்று எழுதும்போது, இந்த ஊர்த் திருட்டுக் கொள்ளையை நினைத்து உங்களுக்கே சிரிப்பு வந்திருக்கும். சரி, அதை விடுவோம். நீங்கள் கொடுத்த தேதிகள் எல்லாமே சரி. படை கிளம்பிய நாளை இவ்வளவு கச்சிதமாக ஞாபகம் வைத்திருக்கிற நீங்கள், அது உள்ளே போன நாளை மட்டும் ஏன் சொல்லவில்லை?

அமெரிக்கா ஈராக்குக்குள் போனது 2003 மார்ச்சில். சதாம் உசேன் நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பின்னால் ஐஎஸ் ஆக மாறிய 'ஈராக்கின் அல்கைதா' என்று ஒன்று அவர் காலத்தில் கிடையாது. 2004இல் ஜோர்டான் தீவிரவாதி சர்காவி பின்லேடனிடம் விசுவாசம் அறிவித்த பிறகுதான் அந்தப் பெயர் வந்தது, அப்போது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். படை நுழைந்து இரண்டு மாதத்தில், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கான ஆண்கள், சம்பளம் போய், மரியாதை போய், பயிற்சியும் துப்பாக்கியும் மட்டும் மிச்சமாக வீட்டுக்கு வந்தார்கள். அப்புறம் ஐஎஸ்ஸுக்கே தலைவரான பக்தாதி 2004இல் அமெரிக்கர்களின் புக்கா முகாமில் கைதியாக இருந்தவர். அந்த முகாமில்தான் சதாமின் பழைய அதிகாரிகளும் மதத் தீவிரவாதிகளும் ஒரே வேலிக்குள் கிடந்து, பேசிப் பழகி, வெளியே வந்த பிறகும் தொடர்பில் இருந்தார்கள். 2011இல் படை போனதும் பாக்தாத் அரசு சுன்னி மக்களை மிதித்தது உண்மை, ஐஎஸ் அதில் குளிர்காய்ந்ததும் உண்மை. ஆனால் அந்த இயக்கத்தை 2011இல் பிறந்த குழந்தை போலப் பேசாதீர்கள்.

ஈராக் தூரம். நம் வீட்டுக் கதைக்கு, தென்னாப்பிரிக்காவின் கதைக்கு வாருங்கள், உங்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் நான் சொல்லாமலே தெரியும்.

நமீபியாவை 1915இல் ஜெர்மனியிடமிருந்து தென்னாப்பிரிக்கா பிடித்தது. 1966இல் ஐநா பொதுச்சபை நமக்கிருந்த ஆட்சிப் பொறுப்பை ரத்து செய்தது. 1971இல் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் நீங்கள் அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. பிரிட்டோரியாவில் இருந்த நம் வெள்ளையர் அரசு அசையவில்லை. அசையாததற்குச் சொன்ன காரணம், கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து, உங்கள் கடிதத்தில் இருப்பதுதான்: நாம் போனால் பயங்கரவாதிகள் வந்து உட்காருவார்கள். 1967இல் பயங்கரவாதச் சட்டம் என்று ஒன்று போட்டு, அதை முன்தேதியிட்டு, நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போவின் ஆட்களைப் பிரிட்டோரியாவுக்கு இழுத்துவந்து வழக்கு நடத்தினார்கள். அதன் தலைவர்களில் ஒருவரான டோய்வோ யா டோய்வோவுக்கு 20 வருடம், ராபன் தீவுச் சிறை. வெள்ளைக்காரப் பையன்களைப் பள்ளி முடித்த கையோடு கட்டாயமாக 'பார்டருக்கு', அதாவது நமீபியா-அங்கோலா எல்லைச் சண்டைக்கு, அனுப்பினார்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் நம் இந்தியப் பிள்ளைகளையும் விடவில்லை, இங்கே டர்பன் சாலிஸ்பரி தீவிலேயே ஜலசேனா என்று பேர் வைத்து இந்தியர்களுக்கென்று ஒரு கடற்படைப் பயிற்சித் தளம் திறந்தார்கள். (பேர் மட்டும் சமஸ்கிருதத்தில், ஓட்டுரிமை எந்த மொழியிலும் இல்லை.) 1984இல் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று மூன்று அவை வைத்த நாடாளுமன்றத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது, இன்றைக்கு ஓட்டுப் போட்டால் நாளைக்குப் பையனைப் பார்டருக்குக் கூப்பிடுவான் என்று சாட்ஸ்வொர்த்தில் பேசிக்கொண்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

இருபது வருடத்துக்கும் மேல் அப்படி உட்கார்ந்திருந்து என்ன கிடைத்தது? 1978 மே 4ஆம் தேதி அங்கோலாவுக்குள்ளே காசிங்காவில் இருந்த ஸ்வாப்போ முகாமில் விமானத்திலிருந்து குண்டு போட்டு, பாராசூட் படையை இறக்கி 600 பேருக்கு மேல் கொன்றார்கள், அதில் பெண்களும் பிள்ளைகளும் ஏராளம். அதே வருடம் ஐநா பாதுகாப்புச் சபையின் 435ஆம் தீர்மானம் தேர்தல் வைத்து வெளியேறும் வழியைக் காட்டியது, அதை இன்னும் பத்து வருடம் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1989 நவம்பரில் தேர்தல் நடந்தபோது நாடு முழுக்க ஸ்வாப்போவுக்கு 57 சதவீதம். ஆனால் நம் ராணுவமும் கூஃபூட் என்ற அந்தக் கொடூரப் போலீஸ் பிரிவும் வீதிக்கு வீதி நின்ற வடக்கு ஓவாம்போ பகுதியில்? பத்தில் ஒன்பது ஓட்டுக்கு மேல். அங்கே ஸ்வாப்போவுக்கு எப்போதும் ஆதரவு உண்டுதான், ஆனாலும் அத்தனை வருடக் காவலில் அது ஒரு பிடியும் குறையவில்லை. படை எங்கே அதிகமோ அங்கே 'பயங்கரவாதி'க்கு ஆள் அதிகம்.

வெளியேறுவது சுமுகமாக நடந்தது என்று பொய் சொல்லமாட்டேன். தென்னாப்பிரிக்காவும் அங்கோலாவும் கியூபாவும் போட்ட ஒப்பந்தப்படி வெளியேற்றம் அமலுக்கு வந்த முதல் நாளே, 1989 ஏப்ரல் 1, ஸ்வாப்போ போராளிகள் எல்லை தாண்டி வந்தார்கள், ஒன்பது நாள் சண்டையில் 300 பேருக்கு மேல் செத்தார்கள். நீங்கள் அன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் 'சொன்னேனா இல்லையா' என்று ஆரம்பித்திருப்பீர்கள். ஆனாலும் திட்டத்தை நிறுத்தவில்லை. ஐநா ஆட்கள் வந்தார்கள், ஓட்டு எண்ணினார்கள், ஸ்வாப்போவுக்கு 72இல் 41 இடம்தான், மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக, கிடைத்ததால் அரசியல் சட்டம் எழுத மற்றவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று, 1990 மார்ச் 21இல் நம் கொடி இறங்கியது. அப்புறம் செய்த ஒரு காரியத்தை பிரெமர் படித்திருக்க வேண்டும்: ஸ்வாப்போ போராளிகளையும் அவர்களை வேட்டையாடிய உள்ளூர்ச் சிப்பாய்களையும் சேர்த்து ஒரே ராணுவம் ஆக்கினார்கள். ஸ்வாப்போ ஒன்றும் புனிதர் கூட்டம் இல்லை, அங்கோலாவின் லுபாங்கோவில் சொந்த ஆட்களையே உளவாளி என்று குழிக்குள் அடைத்து வதைத்தவர்கள். ஆனாலும் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்குக்குப் பயந்து யாரும் இன்று டர்பனில் தூக்கம் கெடவில்லை.

அதே ஒப்பந்தத்தின் மறுபக்கம் அங்கோலா. அங்கிருந்தும் நம் படை போனது, அங்கோலா அரசுக்குத் துணை நின்ற கியூபப் படையும் போனது, ஆனால் சண்டை 2002 வரை ஓயவில்லை. பார்த்தீர்களா, வெளியேறினால் இப்படித்தான் என்பீர்கள். அங்கே துப்பாக்கியைக் கீழே வைக்காதவர் கிளர்ச்சித் தலைவர் சவிம்பி, 1992 தேர்தலில் பின்தங்கியதும் மறுபடி காட்டுக்குப் போனவர். அவருக்கு அத்தனை வருடம் ஆயுதமும் பணமும் கொடுத்து வளர்த்தது பிரிட்டோரியாவும் வாஷிங்டனும். வெளியேறியதால் முளைத்தவர் இல்லை, உள்ளே இருந்தபோது நட்டு வைத்தது.

ஈழத்தை ஏன் தொடவில்லை என்று அடுத்த கடிதம் வரும், அதனால் இப்போதே. 1987இல் இந்தியப் படை புலிகளின் ஆயுதத்தை வாங்கப் போனது, சுமார் 1,200 சிப்பாய்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பியது. நடுவில் நடந்த கூத்து, இந்தியப் படையைத் துரத்துவதற்காக இலங்கையின் பிரேமதாசா அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. அந்நியப் படை ஒன்று நின்றால், ஜென்ம விரோதிகள்கூடக் கொஞ்ச நாளைக்குக் கைகோத்துக்கொள்வார்கள்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. 2009 ஜனவரியில் எத்தியோப்பியப் படை சோமாலியாவின் பைடோவாவை விட்டுக் கிளம்பிய கையோடு அல்ஷபாப் தீவிரவாத இயக்கம் அந்த ஊரைப் பிடித்தது. (அல்ஷபாப் ஓர் இளைஞர் அணியாக இருந்து பெரிய இயக்கமானது, எத்தியோப்பியா உள்ளே இருந்த அந்த இரண்டு வருடத்தில்.) தாலிபான் காபூலுக்கு வந்த பிறகு பாகிஸ்தானில் தாக்குதல்கள் ஏறின, அல்கைதாவின் தலைவர் ஜவாஹிரி 2022இல் காபூலின் நடுவிலேயே ஒரு வீட்டில் இருந்தபோதுதான் கொல்லப்பட்டார். இதெல்லாம் நடந்தது. எப்படி வெளியேறுகிறோம் என்பதில் தப்புச் செய்தால் விலை உண்டு. சோவியத் படை 1989இல் ஆப்கானிஸ்தானை விட்டுப் போனபோது அது தாங்கிப் பிடித்த அதிபர் நஜிபுல்லா சில மாதம்கூடத் தாங்கமாட்டார் என்றார்கள், அவர் மூன்று வருடம் தாங்கினார், மாஸ்கோவிலிருந்து பணமும் எண்ணெயும் நின்ற பிறகுதான் விழுந்தார். அமெரிக்கா 2020இல் கத்தாரின் தோஹாவில் தாலிபானோடு கையெழுத்துப் போட்டபோது காபூல் அரசுக்கு மேசையில் நாற்காலியே போடவில்லை. நமீபியாவில் தேர்தல், ஐநா, எதிரியின் கூட்டாளியான கியூபாவும் கிளம்ப வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் இருந்தன. தோஹாவில் இருந்தது கிளம்பும் தேதி, சில வாக்குறுதிகள், அப்புறம் காபூல் அரசு விடுதலை செய்ய வேண்டிய 5,000 கைதிகளின் கணக்கு.

அதற்காக இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் என்கிறீர்கள். எத்தனை நாள் என்று மட்டும் எழுதவில்லை. 2011இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு லட்சம் பேர் இருந்தார்கள், கூட்டணி நாடுகளின் படை தனி. அப்போது தாலிபான் ஒழியவில்லை. 2021 தொடக்கத்தில் மிச்சமிருந்தது 2,500 பேர். அந்த ஒரு லட்சம் பேர் முடிக்காத வேலையை இந்த 2,500 பேர் எந்த வருடத்தில் முடித்திருப்பார்கள்? அதை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.