‘செலவு’ என்றால் பணம் போவது மட்டும்தானா? ‘செல்’ என்ற சொல்லோடு அதற்கு என்ன உறவு?

நேரடி உறவுதான். செல் + அவு = செலவு. பழந்தமிழில் அதன் பொருள் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாட்டத்தைக் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் ‘செலவழுங்கல்’ என்பார்கள். எவ்வளவு அழகான சொல்! அன்று ஆள் போவது செலவு. இன்று காசு போவது செலவு. கணக்கில் எழுதும் ‘வரவு செலவு’ இரண்டுமே நடமாட்டச் சொற்கள்தாம்.

‘செல்லும், செல்லாது’ என்பதும் இதே வேர். கைமாறிப் போகக்கூடியது செல்லும். 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை ‘செல்லாது’ என்றபோது நாம் சொன்னது, அவை இனி எங்கும் போகா என்பதைத்தான். தெலுங்கிலும் ‘செல்லு’ என்றால் செல்லுபடியாதல், கன்னடத்தில் ‘சல்லு’.

‘செல்லரித்த ஏடு’ என்பதில் வரும் செல் கறையான். அதை இதோடு சேர்க்க வேண்டாம்.