தண்ணீர் குறையுது, கீழே ஈரமில்லை: வாசகர் கேள்விகள்

கல்லடி: ரொயோட்டா விட்ஸ் கார், 1000 சிசி. கிழமைக்கு அரை லீற்றர் கூலன்ட் (எஞ்சினை ஆறவைக்கும் நீர்) குறைகிறது. நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ்.

பிரஷர் டெஸ்ட் செய்தாரா? செய்யாமல் ஹெட்டில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். எஞ்சின் முற்றாக ஆறட்டும். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். எத்தனை தரம் எழுதினாலும் கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் குறையவில்லை. ஆறிய பிறகு ரேடியேற்றர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு மட்டும் அடிக்க வேண்டும். 0.9 (பார்) என்றிருந்தால் 13 பிஎஸ்ஐ, 1.1 என்றால் 16. கால் மணி நேரம் கழித்து பம்பின் அழுத்தமானி முள்ளைப் பாருங்கள். இறங்கியிருந்தால் டோர்ச்சோடு தேடுங்கள்.

உங்கள் எஞ்சினில் முதல் சந்தேகம் வோட்டர் பம்ப். அதன் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அதால் கசியும். ஓடும்போது கசிந்து பிளொக்கின் சூட்டிலேயே காய்ந்துவிடுவதால்தான் நிலத்தில் ஈரமில்லை. கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாருங்கள். துளையைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி இளஞ்சிவப்புப் படை இருந்தால் கள்ளன் அகப்பட்டான். மூடியையும் அதே பம்பில் போட்டுப் பாருங்கள். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, கூலன்ட் ரிசர்வ் டாங்கி வழியாக ஆவியாய்ப் போய்விடும்.

வெளியே எல்லாம் காய்ந்திருக்க முள் மட்டும் இறங்கினால், அழுத்தத்தை விடாமல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எந்தத் துளையில் நீர் சீறுகிறதோ அந்த சிலிண்டர். ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டியது அதற்குப் பிறகுதான்.

அக்கரைப்பற்று: ஓடி வந்தால் ரிசர்வ் டாங்கியில் மட்டம் ஏறுகிறது, காலையில் இறங்கி நிற்கிறது. ஒழுக்கா?

இல்லை. சூட்டில் விரியும், ஆறினால் திரும்பிப் போகும். ஆறிய நிலையில் லோ கோட்டுக்கு மேல் நின்றால் போதும்.

“கார் தண்ணி குடிக்குது, என்ன செய்ய?”

என்ன கார், எந்த வருடம், எத்தனை கிலோமீற்றருக்கு எவ்வளவு? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் என்ன சொல்வது? ரிசர்வ் டாங்கியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஒரு கிழமை ஒவ்வொரு காலையும் எஞ்சின் ஆறியிருக்கும்போது அளந்து எழுதுங்கள்.

காத்தான்குடி: கூலன்ட் விலை ஏறிக்கொண்டே போகிறது. நம் ஊரில் பனியா விழுகிறது? கொதிக்க வைத்து வடித்த கிணற்றுத் தண்ணீர் விட்டால் என்ன?

இந்தப் பனிக் கதையை முதலில் யார் தொடங்கினார்களோ தெரியாது. உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை, நமக்கு அது தேவையுமில்லை. நமக்கு வேண்டியது மற்ற மூன்று: உள்ளே கறள் பிடிக்காமல் காப்பது, பம்ப் சீலைக் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் தோண்டிய கிணறு உங்களுடையது. மழை முடிந்து மாதங்கள் போக, தண்ணீர் அடிக்கு இறங்கும்போது நாக்கில் வைத்தாலே கரிக்கும். இன்றைய எஞ்சினில் ஹெட்டும் ரேடியேற்றர் குழாய்களும் அலுமினியம். உப்பில் உள்ள குளோரைட் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கெஸ்கட் உட்காரும் முகத்தில், நீர்த்துளைகளின் விளிம்பில் அரிப்புத் தொடங்கினால் புதுக் கெஸ்கட்டும் பிடிக்காது. லேத்தில் முகம் சீவ வேண்டும், குழி ஆழமென்றால் ஹெட்டையே மாற்ற வேண்டும். கொதிக்க வைத்தால் உப்புப் போகாது, நீர் வற்ற இன்னும் இறுகும். வடித்தால் மண் போகும், உப்புப் போகாது. தண்ணீர் ஆவியாகி நீங்கள் திரும்பத் திரும்ப ஊற்ற, ஒவ்வொரு ஊற்றலின் உப்பும் உள்ளேயே தங்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும் அந்தக் காவி ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாயில் படிவதை நினைத்துப் பாருங்கள். போத்தல் மினரல் வோட்டரும் சரிவராது, பெயரிலேயே மினரல் இருக்கிறது.

ஏற்கெனவே விட்டிருந்தால் கழுவுங்கள். ஆறிய எஞ்சினில் எல்லாவற்றையும் இறக்கி, டிஸ்டில் வோட்டர் நிரப்பி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேற்றர் மின்விசிறி இரண்டு தரம் ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு இறக்குங்கள். தெளிவாக வரும்வரை மூன்று தரமாவது செய்ய வேண்டும். பிளொக்குக்குள் கொஞ்சம் நீர் தங்கும் என்பதால் தண்ணீர் கலந்து விற்கும் கூலன்டை ஊற்றினால் நீர்த்துவிடும். கலக்காத கூலன்ட் வாங்குங்கள்: கொள்ளளவு 4 லீற்றர் என்றால் முதலில் அந்தக் கூலன்ட் 2 லீற்றர், மீதிக்கு டிஸ்டில் வோட்டர். பற்றரிக்கு விடும் தண்ணீர் நல்லது, அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். நிறத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள். வாகனக் கைநூலில் சொன்ன வகையைப் பாருங்கள். பழைய பச்சை வகையை ரொயோட்டாவின் இளஞ்சிவப்போடு கலந்தால் இரண்டின் ஆயுளும் குறையும், சிலவேளை களிபோலத் திரளும்.

கல்முனை: தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இப்போது சூடு ஏறவில்லை. அப்படியே விடலாமா?

விடவேண்டாம். எஞ்சின் சூடேறும்வரை நீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிப்பது தேர்மோஸ்டட். அது இல்லாவிட்டால் எஞ்சின் வேலைச்சூட்டுக்கு வராமல் பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், ஒயில் கெடும். பல எஞ்சின்களில் அது பைபாஸ் வழியையும் மூடும் வால்வு. கழற்றினால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பும், மலை ஏறும்போது தெரியவரும். புதிதை மாட்டுமுன் சட்டியில் தண்ணீர் சுடவைத்துப் போட்டுப் பாருங்கள். பொதுவாக 82 பாகையளவில் திறக்கத் தொடங்கி, 95-இல் 8 மில்லிமீற்றருக்கு மேல் திறக்க வேண்டும்.

செங்கலடி: மூன்றாம் தலைமுறை ப்ரியஸ். காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறுகிறது. பதுளை வீதியில் லுணுகலைப் பக்கம் ஏறி வந்தால் மட்டம் குறைகிறது.

முதலில் எந்த டாங்கி என்று பாருங்கள். இது ஹைபிரிட்; மோட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டருக்குத் தனி டாங்கி, தனிச் சுற்று. எஞ்சின் டாங்கிதான் என்றால் ஹெட் கெஸ்கட்டை வலுவாகச் சந்தேகிக்கிறேன். இரவில் சிலிண்டருக்குள் ஊறிய நீர்தான் காலையில் உதறலாக வருகிறது. டாங்கி வாயில் வைத்து வாயுவை இழுத்துப் பார்க்கும் பிளொக் டெஸ்டரின் நீலத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு நீருக்குள் வருகிறது. சோதிக்குமுன் மட்டத்தைச் சற்று இறக்குங்கள். கூலன்ட் டெஸ்டர் குழாய்க்குள் ஏறினால் திரவம் கெட்டுவிடும். கெமராக் குழாயை பிளக் துளையால் விட்டால், ஒழுகும் சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்றிருக்கும்.

சோதித்துச் சரிசெய்யும்வரை காரை ஓட்டாதீர்கள். சிலிண்டரில் நீர் நிறைந்த நிலையில் எஞ்சின் சுழன்றால் பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளையும். கெஸ்கட் மாற்றும்போது ஈஜிஆர் கூலரையும் (எஞ்சினுக்குத் திரும்பும் எரிந்த வாயுவை ஆறவைப்பது) காற்று உள்ளே போகும் இன்டேக் மனிஃபோல்டையும் கழற்றிக் கரி போகக் கழுவச் சொல்லுங்கள். அடைத்தபடி விட்டால் புதுக் கெஸ்கட்டும் அதே வழி போகும்.

பொத்துவில்: ரேடியேற்றரில் மஞ்சள்தூள் போட்டால் ஒழுக்கு நிற்குமா?

சிறு ஊசித்துளை இரண்டு நாள் நிற்கலாம். காருக்குள் சூடான காற்றுத் தரும் ஹீற்றர் கோரும் சேர்ந்து அடைக்கும். போடாதீர்கள்.

ஏறாவூர்: முன் சீட்டில் காலடி விரிப்பு நனைகிறது.

விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீராயிருந்தால் ஏசி வடிகால் குழாய் அடைத்திருக்கிறது, வெளியிலிருந்து காற்றடித்தால் திறக்கும். பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீற்றர் கோர் ஓட்டை. கூலன்ட் நஞ்சு, நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். பிள்ளைகளையும் அந்த விரிப்பில் விடாதீர்கள். கோர் கிடைக்கும்வரை எஞ்சின் பக்கமிருந்து கோருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒரு குழாய்த்துண்டால் இணைத்துக் கிளிப் போட்டு ஓடலாம். ஆறிய பிறகு கழற்றுங்கள், கூலன்ட் சுற்றுக்குள் புகுந்த காற்றையும் வெளியேற்றுங்கள்.